விழுந்த பிள்ளை எழுந்து நிற்க யார் வேண்டும்?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் தெருக்களில் நடந்து பார்த்தால், சில வீடுகளில் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சில வீடுகளில் கதவு சாத்தியிருக்கும். மிட்டாய் கொடுத்த வீட்டைப் பற்றி ஊரே பேசிக்கொள்ளும், நான் எழுத வேண்டியதில்லை. கதவு சாத்திய வீட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளைகளிலும் இரண்டு வகை உண்டு. ஒரு பிள்ளை நான்கு நாள் அழும். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், துணைத் தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்கும். இன்னொரு பிள்ளை அன்று சாத்திய கதவைத் திறப்பதே இல்லை. பையனாக இருந்தால் ஏதாவது கடையில் வேலைக்கு நிற்பான், பதினெட்டு வயது ஆனதும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவோம். பெண் பிள்ளையாக இருந்தால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவோம். இரண்டு பிள்ளைகளும் ஒரே வகுப்பு, ஏறக்குறைய ஒரே மதிப்பெண். வீட்டு நிலைமையும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

"அவனுக்கு நெஞ்சுத் துணிவு இருக்கு, இவனுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். இது பாதி உண்மைகூட இல்லை. விழுந்தபின் எழுந்து நிற்கும் திறனை மீள்திறன் என்று இப்போது சொல்கிறார்கள். அது பிள்ளை பிறக்கும்போதே கொண்டு வரும் சாமான் அன்று. பெரும்பாலும் அந்தப் பிள்ளையைச் சுற்றி யார் யார் இருந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதிலிருந்து வளர்வது. இதை நாற்பது ஆண்டுகள் காத்திருந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்கள் கண்டதைச் சொல்கிறேன், பிறகு நம் தெருவுக்கு வருவோம்.

பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. 1955ஆம் ஆண்டில் அங்கே கரும்புத் தோட்டமும் அன்னாசித் தோட்டமும்தான் பிழைப்பு. ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த குடும்பங்களும், தீவின் பூர்வகுடிகளும் அங்கே வாழ்ந்தார்கள். நம்மவர்கள் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறிய கதை போன்றதுதான், கடல் மட்டும் வேறு. அந்த ஆண்டு அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் முதலிய ஆய்வாளர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். ஒரு வயதில் பார்த்தார்கள், இரண்டு வயதில் பார்த்தார்கள், பத்தில், பதினெட்டில், முப்பத்திரண்டில், நாற்பதில் என்று தேடித் தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

அந்தக் குழந்தைகளில் 201 பேருக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள்ளேயே நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கஷ்டங்கள் சூழ்ந்திருந்தன. வறுமை, பிரசவத்தில் சிக்கல், தாய்க்குப் படிப்பில்லாமை, வீட்டில் ஓயாத சண்டை, குடி, பெற்றோரில் ஒருவருக்கு மனநோய் என்று அந்தப் பட்டியல் போகிறது. இந்த 201 பேரில் 129 பேர் வளரும்போது படிப்பிலோ நடத்தையிலோ மனநலத்திலோ தடுமாறினார்கள். இது எவரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் மீதி 72 பேர் தடுமாறவில்லை. 30 ஆண்கள், 42 பெண்கள். நன்றாகப் படித்தார்கள், நல்ல மனிதர்களாக வளர்ந்தார்கள். நாற்பது வயதில் போய்ப் பார்த்தபோது இவர்களில் எவரும் வேலையில்லாமல் இல்லை, போலீஸ் வழக்கில் சிக்கவில்லை, அரசாங்க உதவியை நம்பியும் இல்லை.

மூன்றில் ஒரு பங்கு! கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை என்றாலே முடிந்தது கதை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பதில். அந்த 72 பேருக்கு என்ன கிடைத்தது, மற்ற 129 பேருக்கு என்ன கிடைக்கவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. சில குழந்தைகள் பிறவியிலேயே சிரித்த முகம், எவரிடமும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குணமும் உதவியது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணங்கள் பிள்ளைக்கு வெளியே இருந்தன.

முதல் காரணம், ஒரு பெரியவர். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சிறு வயதிலேயே நிலையாக, நிபந்தனை இல்லாமல் பிரியம் காட்டிய ஒருவராவது இருந்தார். அது தாயாகவோ தந்தையாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக இருக்கலாம், மூத்த சகோதரியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். வீட்டுக்கு வெளியே அப்படிப்பட்டவர் யார் என்று கேட்டபோது அடிக்கடி வந்த பதில், பிடித்தமான ஒரு ஆசிரியர். பாடம் நடத்தியவர் மட்டுமல்லாமல், நம்பிப் பேசக்கூடியவராக, பார்த்துப் பின்பற்றக்கூடியவராக இருந்த ஆசிரியர்.

இதைப் படிக்கும்போது நமக்கு ஸீராவில் படித்தது நினைவுக்கு வராமல் இருக்காது. பிறக்கும் முன்பே தந்தையை இழந்து, ஆறு வயதில் தாயை இழந்து, எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்த பிள்ளை நம் நபி (ஸல்) அவர்கள். ஒவ்வோர் இழப்பின் போதும் ஒரு பெரியவர் வந்து அந்தப் பிள்ளையை ஏந்திக்கொண்டார். ஹலீமா (ரலி), உம்மு அய்மன் (ரலி), பாட்டனார் அப்துல் முத்தலிப், அதற்குப் பிறகு தந்தையின் சகோதரர் அபூதாலிப். மீலாது மேடைகளில் அனாதையாக வளர்ந்தார்கள் என்று உருக்கமாகப் பேசுகிறோம். அந்த அனாதைப் பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றித் தாங்கியவர்கள் இத்தனை பேர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் வாப்பா பயணத்தில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பு. மற்ற நாட்களில் வீடியோ கால். அந்த அழைப்பு பெரும்பாலும் எப்படி நடக்கிறது? "தொழுதியா? படிச்சியா? உம்மா சொல்றதைக் கேட்கிறியா?" மூன்று கேள்விக்கும் மூன்று தலையாட்டல். பிறகு போன் உம்மாவின் கைக்குப் போய்விடும். வாப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, கேம்ப் அறையில் ஐந்து பேர் நடுவில் உட்கார்ந்து அவர் வேறென்ன கேட்பார்? ஆனால் அந்த அழைப்பிலேயே இன்னும் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். "இன்னைக்கு மத்தியானம் யாரோட உட்கார்ந்து சாப்பிட்டே?" இதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. ஒரு பெயரையாவது சொல்ல வேண்டும். அந்தப் பெயரை நினைவில் வைத்திருந்து மறுநாள் அதைப் பற்றி விசாரித்தால் பிள்ளை ஆச்சரியப்படும். தன் நாளை யாரோ கூட இருந்து பார்த்ததுபோல் அதற்குத் தோன்றும். யாருடனும் உட்காரவில்லை என்று பதில் வந்தால், அது மறுநாளே உம்மா பள்ளிக்குப் போய் விசாரிக்க வேண்டிய செய்தி.

வாப்பா இல்லாத வீட்டில் மாமாவோ சாச்சாவோ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நடைமுறையில் மாமாவை எப்போது கூப்பிடுகிறோம்? பையன் தப்பு செய்தால் அடித்துத் திருத்துவதற்கு. அப்படிக் கூப்பிட்டால் பிள்ளைக்குக் காவலர்தான் கிடைப்பார், பெரியவர் கிடைக்க மாட்டார். வாரத்தில் ஒரு மாலை அந்த மாமா பையனைத் தன் கடைக்கோ, மீன் வாங்கவோ, சைக்கிள் பஞ்சர் ஒட்டவோ கூட்டிப் போகட்டும். உபதேசம் வேண்டாம். பேச்சு தானாக வரும்.

கவாயில் கண்ட இன்னொரு விஷயத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்ற ஆண் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு ஒழுங்கும் விதிமுறையும் இருந்தன, பார்த்துப் பழக ஓர் ஆண் இருந்தார், கூடவே அந்தப் பையன்கள் தங்கள் மனதில் உள்ளதை வெளியே சொல்ல அனுமதிக்கப்பட்டார்கள். எழுந்து நின்ற பெண் பிள்ளைகளின் வீடுகளில் சொந்தக் காலில் நிற்கும் பழக்கத்தை ஊக்குவித்தார்கள். அதோடு உம்மாவோ பாட்டியோ மூத்த சகோதரியோ, நம்பி நிற்கத்தக்க ஒரு பெண்ணின் துணையும் இருந்தது. நாம் செய்வதோ தலைகீழ். பையன் அழுதால் "ஆம்பளப் புள்ள அழலாமா" என்கிறோம், ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்பதில்லை. பெண் பிள்ளைக்கு எல்லா விதிகளும் இருக்கின்றன, ஒரு முடிவைக்கூடத் தானே எடுக்க விடுவதில்லை. பேருந்தில் தனியாகப் போய் ஒரு விண்ணப்பம் வாங்கி வரத் தெரியாத பெண் பிள்ளை, நாளை கல்லூரியில் ஒரு சிறு சிக்கல் வந்தால் படிப்பையே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடும். இதில் நம் ஜமாஅத்தில் சிலருக்கு என்னோடு கருத்து வேறுபாடு உண்டு என்பது தெரியும். பெண் பிள்ளைக்கு ஒழுக்கமும் வேண்டும், துணிவும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றொன்று குறையும் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே சபூர் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை மனம் உடைந்து வந்து நின்றால் "சபூர் செய்" என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் பெரும்பாலும் "பேசாமல் இரு" என்ற பொருளில் சொல்கிறோம். அரபியில் அந்த வேர்ச்சொல்லுக்குத் தடுத்து நிறுத்துதல், கட்டிப் பிடித்தல் என்ற பொருள் இருக்கிறது. அதாவது உறுதியாகப் பிடித்துக்கொண்டு நிற்பது. வாயை மூடிக்கொண்டு உள்ளே புழுங்குவது அதற்குப் பொருளல்ல. யஅகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரில் அழுது கண்ணொளியே மங்கியது என்று குர்ஆனில் படிக்கிறோம். அழகிய பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லப்படுபவரும் அவர்கள்தான். அழுவதும் பொறுமையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பொறுப்பு. அந்த 72 பேரில் பலர் சிறு வயதிலேயே குடும்பம் தங்களை நம்பியிருக்கும் ஒரு வேலையைச் செய்தவர்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள், வீட்டு வேலையில் கை கொடுத்தார்கள். நான் இல்லாவிட்டால் இது நடக்காது என்ற உணர்வு பிள்ளையை நிமிர்ந்து நிற்க வைக்கிறது. நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு இது தேவைக்கு மேலேயே கிடைத்துவிடுகிறது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துக் கழுவாத பையன்களுக்குத்தான் இல்லை. "படிக்கிற புள்ள, வேலை சொல்லாதே" என்று உம்மம்மா தடுப்பார். தினமும் தண்ணீர்க் குடத்தை நிரப்புவது, தங்கையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என்று ஏதாவது ஒரு வேலை, அவன் பெயரில், தவறாமல் இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு நிறைய இடம் இருக்கிறது. நாம்தான் அதைப் படிப்புக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறோம். ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், இலக்கிய மன்றம், விளையாட்டு விழா, அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகளாக நடக்கும் கலைத் திருவிழா. இவற்றுக்குப் பிள்ளை பெயர் கொடுத்தால் "டியூஷன் யார் போவது?" என்று கேட்டுப் பெயரை வாபஸ் வாங்க வைக்கிறோம். ஒரு கபடி ஆட்டத்தில் தோற்பதும், மேடையில் ஏறிப் பாதிப் பேச்சில் மறந்துபோய் நிற்பதும், மறுநாளும் அதே நண்பர்கள் முன்னால் போய் உட்காருவதும் சின்னப் பாடங்கள் அல்ல. தோல்வி என்றால் என்ன என்பதைப் பிள்ளை செலவில்லாமல் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். வாழ்க்கையில் முதல் தோல்வியே பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவாக இருக்கும்படி வளர்த்தால், அந்தச் சுமையை அந்த வயது தாங்காது. ஏழாம் வகுப்பிலேயே பத்துத் தடவை தோற்றுப் பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இது சின்ன வகுப்புப் பெற்றோருக்கு. பத்து வயதில் நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் பின்னால் அதிகம் தாங்கி நின்றார்கள் என்று அந்த ஆய்வில் கண்டார்கள். பத்து வயது என்றால் நம்மிடம் ஐந்தாம் வகுப்பு. இன்று இரவே உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். எழுத்துக் கூட்டித் திணறினால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாமலேயே எட்டாம் வகுப்பு வரை வந்துவிடும் பிள்ளை, ஒவ்வொரு நாளும் வகுப்பில் ஆறு மணி நேரம் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறது. நாம் அதைச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இவ்வளவு சொன்னபின் பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் உள்ள உறவுக்கு வருகிறேன். பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் கிடைக்க வேண்டுமென்றால், அவர் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார். ஆனால் நம்மில் பலர் சேர்க்கைக்கு ஒரு நாள், பீஸ் கட்ட ஒரு நாள், டி.சி. வாங்க ஒரு நாள் என்று மூன்று முறைதான் பள்ளி வாசலை மிதிக்கிறோம். நான்காவது முறை போனால் அது சண்டைக்குத்தான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுவுக்குத் தலைமை தாங்குவதும் பெற்றோர்தான். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, எந்தப் பிள்ளை நின்றுவிட்டது, எதற்குச் செலவு செய்வது என்பதையெல்லாம் பேசும் இடம் அது. கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுத் தாராளமாகப் போகலாம். நம் உம்மாமார்களுக்குத் தயக்கம் இருக்கிறது. "அங்கே போய் நாங்க என்னத்த பேச?" என்று கேட்கிறார்கள். ஒன்றும் பேச வேண்டாம், முதல் இரண்டு கூட்டம் உட்கார்ந்து கேட்டாலே போதும். இரண்டு பேராகச் சேர்ந்து போங்கள். உங்கள் முகம் ஆசிரியருக்குத் தெரிந்தால், உங்கள் பிள்ளையின் முகமும் அவருக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்கும். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குழு கிடையாது என்றாலும், பெற்றோர் கூட்டத்தை எல்லாப் பள்ளிகளும் வைக்கின்றன.

ஆசிரியரிடம் என்ன கேட்பது? எல்லோரும் கேட்பது மார்க். அது ரிப்போர்ட் கார்டிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. யாருக்கு அருகில் உட்காருகிறது, இடைவேளையில் என்ன செய்கிறது, எதைச் செய்யும்போது முகம் மலர்கிறது, இந்த மாதம் ஏதாவது மாற்றம் தெரிந்ததா. வீட்டில் ஒரு துக்கம், ஒரு தலாக், வாப்பாவுக்கு வேலை போனது என்று ஏதாவது நடந்திருந்தால், அதை வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். மானம் போகும் என்று மறைத்தால், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை அங்கேயும் திட்டு வாங்கும். ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் அன்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்திருப்பார். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பவர் அவர், தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிள்ளையைக் கட்டுமஸ்தாக வளர்க்கிறேன் என்று அடிப்பவர்களும், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். அடி வாங்கினால்தான் உரம் ஏறும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் அந்தப் பிள்ளை பொய் சொல்லத்தான் கற்றுக்கொள்கிறது. பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளிகளில் தடை செய்திருக்கிறது. நம் மக்தப் உஸ்தாதுகளிடமும் இதைப் பேசியிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ், அவர்கள் நல்ல முறையில் ஏற்றுக்கொண்டார்கள். வீடுகளுக்குச் சட்டம் வந்து நிற்க முடியாது. "பக்கத்து வீட்டுப் புள்ளையப் பாரு" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் இந்த ஆண்டு எந்த வீட்டிலும் சொல்லாமல் இருந்து பார்ப்போமே.

அதே சமயம் மீள்திறன் என்ற பெயரில் எல்லாவற்றையும் பிள்ளையைத் தாங்கிக்கொள்ளச் சொல்வதும் அநியாயம். வகுப்பில் கேலி, வெளியே சொல்ல முடியாத தொந்தரவு, சாதியையோ மதத்தையோ சொல்லிச் சீண்டல் ஆகியவற்றைத் தாங்கப் பழகு என்று சொல்லக் கூடாது. பெரியவர்கள் போய் நிறுத்த வேண்டும். பள்ளி தொடர்பான குறைகளுக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண் இருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1098. மன உளைச்சலுக்கு 14416, டெலிமானஸ் என்ற அரசுச் சேவை, தமிழிலும் பேசலாம். இந்த மூன்று எண்களையும் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள். பிள்ளை சாப்பாட்டைக் குறைத்து, தூக்கம் கெட்டு, நண்பர்களை விட்டு ஒதுங்கி, தனக்குப் பிரியமான பொருளையெல்லாம் தம்பியிடம் கொடுக்கத் தொடங்கினாலோ, நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு நிம்மதி என்பதுபோல் ஒரு வார்த்தை சொன்னாலோ, அதை நாடகம் என்று தள்ளிவிட வேண்டாம். அன்றிரவு அந்தப் பிள்ளையைத் தனியாகப் படுக்க விட வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேசினால் பாரம்தான் குறையும். மறுநாள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை, அதோடு மருத்துவரையும் பாருங்கள்.

கவாய்த் தீவில் தடுமாறிய அந்த 129 பேருக்கு என்ன ஆனது என்று பலர் கேட்பதில்லை. அவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டுவிட்டார்கள். எப்படி? விட்ட படிப்பைத் தொடர ஒரு கல்லூரி கிடைத்தது, ராணுவத்தில் ஒரு வேலை கிடைத்தது, நல்ல வாழ்க்கைத் துணை அமைந்தது, வணக்கத்தலத்தைச் சேர்ந்த ஒரு கூட்டம் அரவணைத்தது. அதாவது, இரண்டாவது முறையாக ஒரு கதவு திறந்தது. பதினாறு வயதில் மூடிய கதவு மூடியதுதான் என்று நாம் நினைப்பதால்தான் பல பிள்ளைகளை இழக்கிறோம்.

நம் ஊரில் அந்தக் கதவுகள் எவை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் சேரலாம், ஓர் ஆண்டுகூட வீணாகாது. பத்தாம் வகுப்பு முடித்தால் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ உண்டு. ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய பிரிவுகளும் இருக்கின்றன. பள்ளிக்கே போக முடியாத நிலை வந்துவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தும் பன்னிரண்டும் எழுதலாம். நான்கு ஆண்டு கழித்து வந்தாலும் எழுதலாம், திருமணம் ஆன பெண்களும் எழுதலாம். முடிவு வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். கோபமும் அழுகையும் அடங்கட்டும் என்று வீடு காத்திருக்கும் நாட்களில்தான் கடைசித் தேதி கடந்துவிடுகிறது. ஆகவே முடிவு வரும் நாளன்று மாலை அஸருக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகம் திறந்திருக்கும். அன்று அங்கே எவரிடமும் மதிப்பெண் கேட்கப்படாது. விண்ணப்பத்துக்குத் தேவையான தாள்களை மட்டும் கொண்டு வந்தால், ஆன்லைனில் பதிவது முதல் தேர்வுக் கட்டணம் வரை பார்த்துக்கொள்ளப்படும், இன்ஷா அல்லாஹ்.

கல்வி உதவித்தொகைப் படிவத்தில் இந்த ஆண்டு ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். பெற்றோர் பெயர், வருமானம், மதிப்பெண் ஆகியவற்றுக்குக் கீழே, "பிள்ளையை நன்றாக அறிந்த ஆசிரியர் பெயர்" என்று இருக்கும். தலைமையாசிரியர் பெயரைச் சம்பிரதாயத்துக்கு எழுதித் தர வேண்டாம். அந்த வரியைப் பெற்றோர் நிரப்பக் கூடாது, பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். காலியாக விட்டு வந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது. அப்படி வரும் படிவங்களைத் தனியாக எடுத்து வைத்து, அந்தப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு நம் கல்விக் குழுவினர் ஜூலை மாதத்தில் நேரில் போய் வருவார்கள்.